அப்பாவுக்குப் படம் எடுத்த சாயங்காலம்

"படியில நிக்காத! உள்ள வா, உள்ள வா, உள்ள மைதானமா கெடக்கு!"

கேட்டீங்களா அண்ணே, கண்டக்டர் சத்தத்தை? பாருங்க, படியில் தொங்கிக்கொண்டிருந்த ரெண்டு பேரும் பதறியடித்து உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் சொன்னது கண்டக்டர் இல்லை. அவர் பாவம், முன்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார். சொன்னது நான்தான். சிரிக்காதீங்க அண்ணே, திரும்பிப் பார்க்கிறார்.

எனக்கு இது ஒரு வியாதி. யாராவது என் எதிரே நாலு வார்த்தை பேசினால் போதும், அந்தக் குரல் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்து மைக்கில் ஹெட்மாஸ்டர் குரலில் "இன்று மதியம் விடுமுறை, மாணவர்கள் அமைதியாகக் கலையவும்" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தையே காலி பண்ணினவன் நான். வாத்தியார்களும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் அண்ணே! கடைசியில் ஹெட்மாஸ்டர் மட்டும் தனியாக நின்றார்.

அன்றைக்கு அப்பா என்னை அடித்தார். அடித்துக்கொண்டே திட்டினார். மறுநாள் அந்தத் திட்டையே நான் ஓட்டல் வாசலில் வைத்துச் செய்து காட்டினேன். சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் அப்பாதான் பரோட்டா மாஸ்டர். கோமதிநாயகம் என்று சொன்னால் தெரியாது, 'மாஸ்டர்' என்றால் தெரியும். சப்ளையர்கள் எல்லாம் இலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அப்பா பரோட்டாக் கல்லைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகுதான் தெரிந்தது. அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

நான் இப்போது திருப்பூர் போகிறேன். பனியன் கம்பெனியில் மாமா சேர்த்துவிட்டிருக்கிறார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, வெள்ளத்துரை. "நான் சொல்லுதேன்னு நெனைக்காத மாப்ள, ஒங்கம்மாதான் அனுப்பச் சொல்லுதா." அவர் எதைச் சொன்னாலும் 'நான் சொல்லுதேன்னு நெனைக்காத' என்றுதான் ஆரம்பிப்பார். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. அப்பா போய் அஞ்சு மாசம் ஆகிறது. அம்மா வீட்டில் தனியாக இருக்கப் போகிறாள். இந்த நேரத்தில் பெற்ற பிள்ளையை ஊரை விட்டு அனுப்புவாளா ஒருத்தி? நான் அவளுக்கு என்ன செய்தேன்? செய்ததெல்லாம் நல்லதுதான். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்க. மாமா இதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்றார். நீங்கள் மதுரையில் இறங்கிவிடுவீங்க. உங்களிடம் சொன்னால் ஒன்றும் இல்லை.

அப்பா கல்லுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டார். நெஞ்சுவலி. கொள்ளி வைத்தது நான். தலையையும் மீசையையும் வழித்து எடுத்துவிட்டார்கள். அஸ்தி கரைக்கத் தாமிரபரணிக்கு வேன் பிடித்துப் போனோம். செத்தவர் புழங்கின சாமான் வீட்டில் இருக்கக் கூடாது என்று மாமா அப்பாவின் பாய், தலையணை, சட்டை, வேட்டி, செருப்பு, எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார். கட்டிலுக்கு அடியில் கிடந்த ட்ரங்குப் பெட்டியையும் ஏற்றினார். "நான் சொல்லுதேன்னு நெனைக்காதிய, தொறந்து பாத்தா மனசு கேக்காது. அப்படியே விட்டுரணும்." பெட்டியைப் பூட்டோடு ஆற்றில் விட்டார். அது கொஞ்ச தூரம் மிதந்துவிட்டுத்தான் முங்கியது. எனக்கு அந்த 'குபுக்' சத்தம்கூட வரும். வேண்டாம், முன் சீட்டில் இருக்கிற அம்மா பயந்துவிடும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பூக்காரர் வந்தார். மூக்கால் பேசுகிற ஆள். "மாலைக்கு அளவு வேணும்லா? படத்தை எடுத்தாங்க, பாத்துக்கிடுதேன்."

படம்!

அம்மா சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது. ஐப்பசி மழையில் அந்தச் சுவர் ஒழுகியதால், அவளேதான் கல்யாணப் படத்தைக் கழற்றிச் சேலையில் சுற்றி ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மாமா தொண்டையைச் செருமினார். "நான்..." என்று ஆரம்பித்தார். மீதி வரவில்லை.

வேறு படமே இல்லை அண்ணே. ஓட்டல் ஆயுத பூஜைக்கு எடுத்த படம் ஒன்று முதலாளியிடம் இருந்தது. ஓடிப்போய் வாங்கி வந்தேன். அதில் முதலாளி இருக்கிறார், சப்ளையர்கள் இருக்கிறார்கள், அப்பாவின் முதுகு இருக்கிறது. எல்லாரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா அழவில்லை. "விடிஞ்சா அவியளுக்குப் படையல் வைக்கணும். வெறும் சுவத்துக்கா மாலை போடுவேன்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது மாமாவை என்னவோ செய்துவிட்டது. எங்கள் ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு எபனேசர் அண்ணாச்சி போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனார்.

அண்ணாச்சி அங்கே கிளம்பிக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில் கல்யாண வரவேற்பு, வேன் வரப்போகிறது. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. விஷயத்தைக் கேட்டதும் ரெண்டையும் இறக்கி வைத்தார். "முகச்சாடை உள்ள ஆள் யாராவது இருக்காங்களா, சரியா? சட்டை போட்டு உக்கார வச்சு எடுத்துருவோம், சரியா? பெறவு நான் டச் பண்ணிக்கிடுதேன். நெறைய வீட்டுக்குச் செஞ்சிருக்கேன், சரியா?" மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இல்லையென்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? அப்பா வேஷம்!

"மொட்டைத் தலையா இருக்கே?" என்றார் மாமா.

"முடியும் மீசையும் நான் பிரஷ்ல போட்டுருவேன். தம்பி, முகத்தை மட்டும் நீ குடு, சரியா? சீக்கிரம். கேமராவுல மிச்சம் நாலே நாலுதான் விழும். புது ரோல் கல்யாணக்காரங்களுக்கு."

அப்பா சட்டை எல்லாம் ஆற்றோடு போய்விட்டதே. மாமா தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றார். சட்டை தொளதொளவென்று இருந்தது. அண்ணாச்சி முதுகுப் பக்கம் துணி கிளிப்பை வரிசையாக மாட்டி இழுத்துப் பிடித்தார். முன்னால் பார்த்தால் மைனர், பின்னால் பார்த்தால் துவைத்துக் காயப்போட்ட கொடி. கன்னம் ஒட்டிக் கிடந்ததால் வாய்க்குள் ரெண்டு பக்கமும் பஞ்சு. பஞ்சை வைத்துக்கொண்டே நான் "ஒரு செட் பரோட்டா, சால்னா தூக்கலா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எல்லாரும் ஒரு மாதிரிதான் இருந்தார்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். விளக்கு சுள்ளென்று அடித்தது. அம்மா கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அப்பா என்றால் எனக்கு முதலில் வருவது அந்தத் திட்டுதான். மூக்கு விடைக்கும், கீழுதடு உள்ளே போகும், புருவம் ரெண்டும் முட்டிக்கொள்ளும். அப்படியே செய்தேன். மாமா "யம்மா! அத்தானேதான்!" என்று ஒரு அடி பின்னால் போனார். அந்த வேகத்தில் அண்ணாச்சி அமுக்கிவிட்டார்.

அம்மா தலையை ஆட்டினாள். "இது இல்ல."

"என்னம்மா இது இல்ல? அப்பா இப்படித்தான் இருப்பாரு!"

"ஒனக்கு அப்படி இருப்பாவ."

வெளியே வேன் வந்து ஹாரன் அடித்தது. அண்ணாச்சி வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினார். "தம்பி, வேற."

சரி, ஓட்டல் அப்பா. கல் முன்னால் நிற்கிற அப்பா. புகை பட்டு இடது கண் பாதி மூடியிருக்கும், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஊரே அறிந்த முகம். பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் இதுதான் மாஸ்டர் என்பார்கள். அம்மா வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி அமுக்கினார்.

"அது அடுப்பைப் பாக்குத பார்வைல்லா?" என்றாள் அம்மா. "வீட்டுச் சுவத்துல அடுப்பையா மாட்டப் போறேன்?"

மாமா பனியனோடு முன்னால் வந்தார். "யக்கா, நான் சொல்லுதேன்னு நெனைக்காத. நேரம் போகுது. ஏதோ ஒரு மூஞ்சி இருந்தா போதும்க்கா, மால போட்டா மறைஞ்சிரும்."

அம்மா அவரைப் பார்த்தாள். மாமா பழையபடி மூலைக்குப் போய்விட்டார். எனக்கு அந்தப் பார்வையைச் செய்து காட்டத் தெரியும். செய்ய மாட்டேன்.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. வேன்காரன் உள்ளேயே வந்து எட்டிப் பார்த்தான். "சார், பொண்ணு மாப்ள மேடைக்கு வந்துருவாங்க!" அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ ஒண்ணுமே செய்யாத, சரியா? சும்மா இரு. ரத்தம்தானே, அதுவா வரும்" என்றார். நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இவ்வளவு நேரத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும். மூன்றாவதும் விழுந்தது.

அம்மா கிட்டே வந்து என் முகவாயைப் பிடித்துப் பார்த்தாள். "இது என் புள்ள. எனக்கு இவன் வேண்டாம். அவிய வேணும்."

மூஞ்சிக்கு நேரே அப்படிச் சொன்னாள் அண்ணே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெறகு எந்த அப்பாம்மா? எனக்குத் தெரிஞ்ச அப்பா ரெண்டுதான். திட்டுவாரு, இல்லாட்டி பரோட்டா போடுவாரு. மூணாவது ஒருத்தரு இருந்தா நீயே காட்டு!"

கோபத்தில் சொன்னதுதான். அம்மா வாசலைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். பிறகு அங்கிருந்து நாலு எட்டு தள்ளிப் போய் ஸ்டுடியோ கதவுப் பக்கம் நின்றாள். "வேல முடிஞ்சு வந்து வாசல்ல நிப்பாவ. நீ ஒறங்கியிருப்ப. நான் போய்க் கதவத் தொறப்பேன். அப்பம் இப்படி ஒரு பார்வ பாப்பாவ" என்றாள்.

பார்த்தாள்.

அம்மா நடிப்பாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே நிற்கவே கூச்சப்படுகிறவள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் போய்விட்டது. ஒரு தோள் கொஞ்சம் இறங்கியது, பை பிடித்திருக்கிற மாதிரி. வாய் சிரிக்கவில்லை. கண் மட்டும் தணிந்து வந்து நின்றது. எதையோ தொலைத்துவிட்டு வந்த சின்னப் பையன் மாதிரி. திட்டு விழாது, உள்ளே விட்டுவிடுவார்கள் என்று தெரிந்த பையன் மாதிரி.

அந்த ஆளை எனக்குத் தெரியாது அண்ணே. சத்தியமாகத் தெரியாது. பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஊரில் உள்ள ஆளை எல்லாம் என் தொண்டைக்குள் வைத்திருக்கிறேன். இந்த ஆளை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் தூங்கிவிடுவேனாம்.

"கொஞ்சம் அப்படியே நில்லுங்கக்கா" என்றார் அண்ணாச்சி. 'சரியா' போட மறந்துவிட்டார். "தம்பி, பாத்துக்கிட்டியா? அக்கா, இப்ப இங்க வாங்க. கேமரா பக்கத்துல. தம்பி, கேமராவைப் பாக்காத. அவுங்கள பாரு."

காப்பி அடிப்பது எனக்குப் பெரிய வேலையா? தோளை இறக்கினேன். வாயை மூடினேன். கண்ணைத் தணித்து, மெதுவாகக் கொண்டுபோய் அம்மா மேல் வைத்தேன்.

அப்போது அம்மா என்ன செய்தாள் தெரியுமா? முந்தானையை எடுத்து முகத்து வேர்வையைத் துடைத்தாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். படம் எடுப்பது என்னை. இவள் எதற்குத் தலையைச் சரிபண்ணுகிறாள்? இந்தப் பொம்பளைகளுக்குக் கேமராவைக் கண்டாலே அப்படித்தான் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பஞ்சைக் கடித்து அடக்கினேன்.

'க்ளிக்.'

அண்ணாச்சி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேனுக்கு ஓடினார். நான் விளையாட்டுக்கு அந்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போதும், எந்திரி" என்றாள். மாமா சட்டையைக் கேட்கக்கூட மறந்து, பனியனோடு ரோட்டில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

கல்யாண வீட்டிலிருந்து வந்து அண்ணாச்சி எப்போது படத்தைக் கழுவினார், எப்போது வரைந்தார் என்று தெரியாது. விடிந்ததும் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். முன் நெற்றியில் ஏறின முடி, நரைத்த மீசை, கழுத்துச் சுருக்கம். எல்லாம் பிரஷ் வேலை. கண் மட்டும் பிரஷ் இல்லை.

வந்தவர்கள் ஒவ்வொருத்தரும் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகச் செய்து காட்டவா? "கோமதிநாயகம் எந்திரிச்சு வந்துருவான் போலல்லா இருக்கு!" இது பெரியப்பா. "மாஸ்டர், மாஸ்டர்!" இது ஓட்டல் முதலாளி, படத்தின் காலடியில் உட்கார்ந்து அழுதார். மொட்டைத் தலையோடு பக்கத்தில் நின்ற என்னை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. எனக்கு நானே சூடம் காட்டினேன் அண்ணே! எனக்கு நானே விழுந்து கும்பிட்டேன்! இந்த மாதிரி ஒரு வேலையை இந்த ஜில்லாவில் எவனாவது செய்திருப்பானா? சொல்லுங்க.

சரி, செய்து கொடுத்தவனுக்கு என்ன மரியாதை? அதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்றைக்கிலிருந்து அம்மா படத்தோடுதான் பேசுகிறாள். "இன்னைக்குத் தண்ணி வரல." "ஒங்க அண்ணன் வந்துட்டுப் போனாவ." எல்லாம் அங்கே. எனக்குச் சோறு வைக்கும்போது தட்டைப் பார்க்கிறாள், தரையைப் பார்க்கிறாள். நான் ஒரு குரல் எடுத்தால் போதும், "வாய மூடு" என்கிறாள். முன்னால் எல்லாம் அடுப்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள்தான்.

அப்புறம் இந்த முடி. கொஞ்சம் வளர்ந்துவிடக் கூடாது. "போய் வெட்டிட்டு வா." இப்போதுதானே அம்மா வெட்டினேன்? "நான் சொல்லுதேன்ல, வெட்டிட்டு வா." மீசை அரும்பினால் அதையும் எடுக்கச் சொல்கிறாள். வயசுப் பையன் மீசை வைத்தால் இவளுக்கு என்ன? பார்பர் கேட்டான், "ஏல, ஒங்கம்மா ஒன்னயச் சாமியாராக்கப் போறாளா?" போன மாசம் எனக்குக் காய்ச்சல். மூணு வாரம் முடி வெட்டவில்லை, மீசையும் எடுக்கவில்லை. எழுந்து தலை வாரிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். நிலைப்படியில் நின்றேன், அவ்வளவுதான். கையிலிருந்த செம்பைக் கீழே போட்டாள். அந்த வாரமே மாமாவைக் கூப்பிட்டுத் திருப்பூர் என்று முடிவு கட்டிவிட்டாள். செம்பு ஒடுங்கியதற்கா ஒருத்தனை ஊரை விட்டு அனுப்புவார்கள்?

இன்றைக்குக் காலையில் என்ன நடந்தது தெரியுமா? மாமா வெளியே சைக்கிளோடு நிற்கிறார். அம்மா அடுப்படியில் எனக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கிருந்தே, "அப்பாட்ட சொல்லிட்டுக் கெளம்பு" என்றாள். நான் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றேன். என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு 'போயிட்டு வாரேன்' என்று சொன்னால், பதில் யார் சொல்வது? எனக்கு வாய் ஊறிவிட்டது. அதுதான் சொன்னேனே, வியாதி.

அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். 'ஏளா' என்பார். திட்டுகிற குரல் இல்லை, அது வேறு. தூக்கக் கலக்கத்தில் எத்தனையோ நாள் என் காதில் விழுந்திருக்கிறது. அதை நான் யாருக்கும் செய்து காட்டியதில்லை. இன்றைக்கு எப்படியோ அது வந்து நின்றது.

"ஏளா, தண்ணி."

"இந்தா வாரேங்க."

உடனே வந்தது அண்ணே பதில். நினைத்துச் சொன்ன பதில் இல்லை. செம்பு மோதுகிற சத்தம், தண்ணி மொள்ளுகிற சத்தம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, தண்ணியோடு நிலைப்படி வரை வந்துவிட்டாள். வந்து என்னைப் பார்த்தாள்.

நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். வாரியலை எடுத்து அடிப்பாள், ஓடலாம் என்று ஒரு காலைக்கூடப் பின்னால் வைத்திருந்தேன். அடிக்கவில்லை. திட்டவில்லை. தண்ணியை என்னிடம் நீட்டினாள். குடித்தேன். வெறும் செம்பை வாங்கிக்கொண்டாள். அஞ்சு மாசம் கழித்து இன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்க்கிறாள்.

"இன்னொருக்க கூப்பிடு" என்றாள்.

கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்கு இப்போதுவரை புரியவில்லை. பிறந்ததிலிருந்து 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை' என்று கேட்டவர்களுக்கெல்லாம் செய்து காட்டியவன் நான். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மாமா வெளியே பெல் அடித்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்றேன். அது என் சொந்தக் குரல். சோத்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெரு முக்கு திரும்பும்போது பார்த்தேன். அந்தச் செம்போடு அப்படியேதான் நின்றாள்.

இல்லை அண்ணே, ஜன்னல் தூசிதான். கண்ணில் விழுந்துவிட்டது.

நீங்கள் ஏறுவதற்கு முன்னால், ராஜபாளையம் தாண்டும்போது, இன்ஜின் இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் அந்தக் குரலில் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

வருது அண்ணே. நன்றாக வருது. அச்சு அசல்.